புகையை விட்டவனின் கால்

எனக்கு வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. புதூர்நாட்டுப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால், "ஜீப்பு கவுந்துச்சாண்ணா?" என்றுதான் கேட்பார்கள். மலையில் ஜீப் ஓட்டியவனுக்குக் கால் போயிருந்தால் வண்டி கவிழ்ந்திருக்கும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் பதினோரு வருஷம் ஓட்டி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நான் அடித்ததில்லை. என் காலை வாங்கியது புகையிலை. அதிலும் கொடுமை என்னவென்றால், புகைப்பதை விட்ட பிறகுதான் கால் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தாலும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருப்பத்தூரிலிருந்து மலைக்குப் பஸ் பேருக்குத்தான். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. புளி மூட்டை, சாமை மூட்டை, பலாப்பழம், பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் என் ஜீப்பில்தான் ஏற வேண்டும். முன்னால் நாலு பேர், பின்னால் பதினைந்து பேர், தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் தனிக்கணக்கு.

அந்தக் காலத்தில் எங்கள் பாதையில் ஒரு வழக்கம் இருந்தது. வளைவுகளில் டிரைவர் ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியாது அல்லவா? அதனால் எனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் சிகரெட்டைத் தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகு என் உதட்டில் சொருகுவார். முன் சீட்டு கிடைத்த மரியாதைக்கு அது பதில் மரியாதை. வாத்தியார் பற்றவைத்திருக்கிறார். கோயில் பூசாரி பற்றவைத்திருக்கிறார். என் மனைவி காசியம்மாளும் எத்தனையோ தடவை பற்றவைத்துக் கொடுத்திருக்கிறாள். "த்தூ, இன்னா கண்றாவி இது" என்று துப்பிக்கொண்டே கொடுப்பாள்.

மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவேன். உள்ளே புகை போக வழியிருக்காது. ஒரு தடவை கைப்பிள்ளையோடு ஒரு பெண் பின்னாலிருந்து கேட்டாள். "அண்ணா, கொழந்தைக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் அணைச்சிடுண்ணா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முட்டுச்சின்னா எறங்கி நடம்மா." வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள். என் வாயும் சும்மா இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சிகரெட் துண்டுகளை எறிவதிலும் அப்படித்தான். பிடித்து முடித்ததும் வெளியே ஒரு சுண்டு. எந்த வளைவில் எத்தனையாவது சிகரெட் முடியும் என்பது எனக்கு அத்துப்படி. சில வளைவுகளில் ஓரமெல்லாம் என் துண்டுகளாகவே கிடக்கும். பாரஸ்ட் கார்டு ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "கோடையில புல்லு காஞ்சி கெடக்குதுய்யா. மலையையே கொளுத்திடப் போற" என்று கத்துவார். கத்திவிட்டு என்னிடமே ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு போவார்.

முதலில் கெண்டைக்காலில்தான் வலி. வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடைவரை நடந்தால் யாரோ காலைப் பிடித்துப் பிழிகிற மாதிரி இருக்கும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். பிரேக்கை மிதித்து மிதித்து வந்த வலி என்று நினைத்தேன். பிறகு வலது பாதம் சில்லிட்டுப்போனது. வெயிலில் நின்றாலும் சில்லென்றுதான் இருக்கும். ஒரு நாள் இரண்டாவது விரலில் நகத்தோரம் சின்னதாகக் காயம் பட்டது. ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. நுனி கருத்தது. திருப்பத்தூரில் காட்டியபோது அந்த டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என் கையில இல்லப்பா. வேலூருக்குப் போ" என்றார்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அங்கே காலையில் சீட்டு வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தால், நம் பேரைக் கூப்பிடும்போது சாயங்காலக் காப்பி வந்துவிடும். என்னைப் பார்த்த சர்ஜன் நரைத்த தலைக்காரர், அதிகம் பேசமாட்டார். பாதத்தின் மேலே, கணுக்காலுக்குப் பின்னே, முட்டிக்குப் பின்னே என்று விரலை வைத்து நாடி தேடினார். பாதத்தில் நாடியே இல்லை. மறுநாள் தொடையில் ஊசி குத்தி, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். கொதிக்கிற உலைத் தண்ணீரைக் காலுக்குள் ஊற்றின மாதிரி ஒரு சூடு. ஐயோ, அம்மா என்று கத்திவிட்டேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். தொடையில் வெள்ளையாக இறங்கி வந்த கோடு முட்டிக்குக் கீழே நூலாகி, பிறகு காணாமலே போயிருந்தது.

"இதுக்கு பர்ஜர் வியாதின்னு பேரு. காலுக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ங்க வீங்கி, உள்ள ரத்தம் ஒறஞ்சி அடைச்சிக்குது. ரத்தம் போகாத எடம் அழுகும். பீடி, சிகரெட் குடிக்கிறவங்களுக்குத்தான் வரும். ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பே?"

"எண்ணுனதில்லீங்க சார்."

"இனிமே எண்ண வேண்டாம். ஒண்ணுகூடக் குடிக்கக் கூடாது. விட்டா கால் நிக்கும். விடலேன்னா வெரல் போகும், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. குடிக்கிறவனுக்கு நான் ஆபரேஷன் பண்ண மாட்டேன். பண்ணியும் பிரயோஜனமில்லே."

வலது கால் என்றால் டிரைவருக்குச் சோறு. ஆக்சிலேட்டரும் அதுதான், பிரேக்கும் அதுதான். அந்தக் கால் இல்லாமல் மலையில் நான் யார்? "சத்தியமா விட்டுட்டேன் சார்" என்று அவர் மேஜையில் அடித்துச் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கூட வந்திருந்த காசியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள், டாக்டரையா பாக்கெட்டையா என்று தெரியவில்லை.

வார்டில் படுக்கை கிடைத்தது. அந்த முதல் மூன்று நாட்கள் எதிரிக்கும் வரக் கூடாது. தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போர்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டி வாயில் வைத்தேன். சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். காசியம்மாள் தரையைத் துடைத்தாள். "ஒரே ஒண்ணு வாங்கிக் குடுமே. ஒரே ஒண்ணு. காலு போனா போவட்டும்" என்று அவள் காலைப் பிடித்து அழுதேன். "அப்பிடி சொல்லாத மாமா, சொல்லாத மாமா" என்று அவளும் அழுதாள்.

அவள் செய்ததையெல்லாம் மறைக்க மாட்டேன். வராந்தாவில் கந்தலை விரித்துப் படுத்தாள். என் பாதத்துக்குத் தன் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றினாள். வெந்நீர் பாட்டில் வைக்கக் கூடாது, உணர்ச்சியில்லாத கால் வெந்துபோகும் என்று சிஸ்டர் சொன்னதால், தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே என் பாதத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். ஊரில் புளி அடித்து நாலு காசு பார்க்கிற நேரம். அதை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

நான்காவது நாள் காலை ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறந்தால் கருப்பாகப் பல்பொடி. "உமிக்கரி, உப்பு, கிராம்பு போட்டு இடிச்சது மாமா. வாய் நாறுது ஒனக்கு. தேய்ச்சிட்டுக் கொஞ்ச நேரம் வாயிலயே வெச்சிக்கினு அப்பால துப்பு."

தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் தலையிலிருந்த ஆணி கழன்றது. கை நடுக்கம் நின்றது. அன்றைக்கு இட்லி சாப்பிட்டேன். சாயங்காலம் மறுபடி கை நடுங்கியபோது மறுபடி தேய்த்தேன். பிறகு காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை என்று ஆனது. "இந்த வார்டுலயே சுத்தமான ஆளு நீங்கதான்" என்று சிஸ்டர் மெச்சினார்.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பதினோரு வருஷப் பழக்கத்தை மூன்று நாளில் உதறியவன் நான்! பக்கத்துப் படுக்கையில் ஆம்பூர் லாரி டிரைவர் ஒரு பாய் இருந்தார். அவருக்கும் இதே வியாதி, இடது காலில். ஏற்கெனவே இரண்டு விரல்கள் இல்லை. அவர் கக்கூஸுக்குள் போய்த் திருட்டுத்தனமாகப் பீடி பிடிப்பார். அவரை உட்காரவைத்து நான் பிரசங்கம் செய்தேன். "மனசுதான் பாய் காரணம். என்னப் பாருங்க."

"ஒனக்கு அல்லா தெம்பு குடுத்துக்கிறான்பா. எனக்கு இல்ல" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அதோடு விடவில்லை. டாக்டர் வந்தபோது பாயின் பீடிக்கட்டு எந்தக் குழாய்க்குப் பின்னால் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். பாயை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். கட்டை ஊன்றிக்கொண்டு போகும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "நல்லா இருப்பா" என்று மட்டும் சொன்னார். நல்லது செய்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.

இரண்டாவது வாரம் எனக்கு ஆபரேஷன். வயிற்றோரம் கிழித்து, முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற ஒரு நரம்பை எடுப்பார்கள். குழாய்களைச் சுருங்கவைப்பது அந்த நரம்புதான். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கிற குழாய்கள் கொஞ்சம் விரியும், பாதத்துக்குச் சூடு வரும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் என் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. காசியம்மாள் அதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். "ஜீப்பத் தொடைச்சி வெக்கச் சொல்லி ஆளு அனுப்பட்டா மாமா?" என்றாள்.

சூடு ஐந்து நாள்கூட நிற்கவில்லை. விரலின் கருப்பு அடிவரை இறங்கியது. பக்கத்து விரலுக்கும் தாவியது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"திருட்டுத்தனமா குடிக்கிறே."

"இல்லீங்க சார்! சத்தியமா இல்ல."

"பொய் சொல்லாதே. நிறுத்தினவனுக்கு இப்படி ஆகாது."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாயைக் காட்டிக் கொடுத்தவன் நான் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு மானம் போய்விட்டது. கைவிரல்களை நீட்டிக் காட்டினேன். "பாருங்க சார், மஞ்சக் கறகூட போயிடுச்சி." டாக்டர் என் வாயை மோந்து பார்த்தார். கிராம்புதான் மணந்தது. அவருக்கே குழப்பம். காசியம்மாளைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. உன் புருஷன் புகை பிடிக்கிறாரா?"

"இல்லீங்கையா. நான் கூடவேதான கீறேன். ஒரு இழுப்புகூட இழுக்கலீங்க."

"புகை மட்டும் இல்லம்மா. வெத்தலைல புகையிலை, மூக்குப்பொடி, எந்த ரூபத்துல உள்ள போனாலும் ரத்தத்துக்கு எல்லாம் ஒண்ணுதான். தெரியுதா?"

அவள் கை வாய்க்குப் போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அதை அழுகை என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் வாயைத் திறந்திருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். என்னைப் பொய்யன் என்று டாக்டர் இரண்டாவது தடவை சொன்னபோதும், பயிற்சி டாக்டர்களுக்கு என்னைக் காட்டி, "இப்படித்தான் நம்ம நம்பிக்கையைக் கெடுப்பாங்க" என்று சொன்னபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பல்பொடி வேறு மாதிரி இருந்தது. வெறும் கரி, வெறும் உப்பு. மத்தியானத்துக்குள் ஆணி திரும்பிவந்தது. கை உதறியது. காசியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன்.

"பல்பொடியில இன்னாமே போட்டிருந்த?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடியிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து என் படுக்கையில் வைத்தாள். மூத்த பிள்ளை பிறந்தபோது வந்த பல்வலியில் பிடித்த பழக்கம் அவளுக்கு. தினமும் மூக்குப்பொடியைப் பல்லில் தேய்ப்பாள். எங்கள் பக்கம் பெண்களில் பாதிப் பேருக்கு அது உண்டு, யாரும் அதைக் கெட்ட பழக்கமாக எண்ணுவதில்லை.

"நீ துடிக்கிறதப் பாக்க முடியல மாமா. டாக்டரு பொகதான குடிக்கக் கூடாதுன்னாரு. பொடி பல்லுக்குதானன்னு நெனச்சேன். மூணு பங்கு கரிக்கு ஒரு பங்குதான் போட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாது மாமா."

"நேத்து டாக்டரு சொன்னாரே. அப்ப தெரிஞ்சிதில்ல? அப்ப ஏமே சொல்லல?"

"பயமா இருந்திச்சி மாமா. என்ன வெளிய தொரத்திட்டா ஒனக்கு யாரு கீறா?"

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அன்றையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவளோடு பேசவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளைத்தான் காய்ச்சுவார்கள், அவளில்லாமல் எனக்கு மூத்திரப் பாத்திரம் எடுக்கக்கூட ஆளில்லை என்ற சுயநலம்தான். அதன்பிறகு உண்மையாகவே புகையிலை என் உடம்பைத் தொடவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது. அழுகல் பாதத்தைத் தாண்டிவிட்டது, விட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். கண் விழித்தபோது இல்லாத பெருவிரல் அரித்தது. என் கேஸ் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பயிற்சி டாக்டரைக் கேட்டேன். "அறிவுரையை மீறித் தொடர்ந்து புகைத்தார்" என்று படித்துக் காட்டினார். அது இன்னும் அந்த ஆஸ்பத்திரியில் எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கும்.

ஊருக்குத் திரும்பும்போது என் ஜீப்பை வேறு ஒருத்தர் ஓட்டினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். முதல் வளைவில் அவர் பழக்கதோஷத்தில் சிகரெட்டை என் பக்கம் நீட்டினார். பிறகு என் காலைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஜீப் நிற்கிற இடத்திலேயே எனக்கு ஒரு பஞ்சர் கடை வைத்துக் கொடுத்தார்கள். வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் கால் எப்படிப் போனது என்று கேட்பார்கள். "ஜீப்பு கவுக்கல. பொண்டாட்டிதான் கவுத்தா" என்று ஆரம்பித்து, பொடி மட்டைவரை விடாமல் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள், உச்சுக் கொட்டுகிறவர்கள் கொட்டுவார்கள். கேட்ட காதெல்லாம் அவளைத் துரோகி என்றுதான் நினைத்திருக்கும். இரண்டு வருஷம் இதையே சொன்னேன். இவ்வளவு நேரம் உங்களுக்கு எழுதியதும் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே கதைதான்.

ஒரு நாள் நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது காசியம்மாள் களி எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் நின்று முழுக்கக் கேட்டாள். ஜீப் வந்தது, எல்லாரும் ஏறிப்போனார்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து என் எதிரே வந்து குந்தினாள். பொடியை அவளும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா மாமா?"

"இன்னா?"

"மொத நாளு ஒங்கையில டப்பாவக் குடுத்துட்டுத் தண்ணி புடிக்கப் போனேன் பாரு. திரும்பி வரச்சொல்ல ஜன்னலாண்ட நின்னேன். நீ இன்னும் பல்லுகூட வெளக்கல. டப்பாவ மூக்காண்ட வெச்சிக்கினு மோந்த. மூணு தபா மோந்த. ஐயோ, கண்டுபுடிச்சிட்டான், தூக்கி அடிக்கப் போறான்னு எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சி. நீ மூடிய இறுக்கி மூடி தலகாணிக்கு அடியில வெச்சிக்கின."

கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தேன்.

"நான் வாயத் தொறக்கலன்னு ஊரு பூரா சொல்றியே மாமா. நீ ஏன் தொறக்கல?"

தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். களி ஆறிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மூன்று தடவை மோந்தேன். முதல் தடவையிலேயே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டு தடவையும் ஆசைக்கு மோந்தது.